தாத்தா பெயர் தாளுக்குத் தாள் மாறுகிறதா? மதுரைப் பக்கத்து ஆவணங்களில் முன்னோரைத் தேடும் வழி

பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் பத்திரங்களைப் பிரித்து வம்சாவளி எழுத உட்காரும் எவருக்கும் முதல் நாளே வரும் குழப்பம் இது. கிரயப் பத்திரத்தில் முத்துக்கருப்பத் தேவர் என்று இருக்கும். பட்டாவில் வெறும் கருப்பன். சொந்தக்காரர் வீட்டு மொய் நோட்டில் கட்டையன். மகனின் பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் பெயர் கருப்பையா. இது நாலு ஆளா, ஒரே ஆளா?

பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஆனால் அதை நம்பி எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால், இரண்டு பங்காளி வீடுகள் ஒரே வீடாகிவிடும். அப்புறம் மேலே ஏறுகிற ஒவ்வொரு தலைமுறையும் தப்பு.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அந்தக் காலத்து ஆள் தன் பெயரைத் தானே எழுதியது குறைவு. கணக்குப்பிள்ளையோ, பத்திர எழுத்தரோ, கோயில் சாமியாரோ, தோட்டக் கூலிகளை மேய்த்த கங்காணியோ, பள்ளிக்கூட வாத்தியாரோ காதில் விழுந்ததை எழுதினார்கள். இவர் கைநாட்டு வைத்தார். ஆகவே எந்தத் தாளை எடுத்தாலும் இதை எழுதியது யார், எதற்காக எழுதினார், அவருக்குச் சொன்னது யார் என்று முதலில் கேளுங்கள். பெயர் அதற்கு ஏற்றபடி மாறும். ஊர், தகப்பன் பெயர், நிலத்தின் நான்கு எல்லை, பக்கத்தில் நிற்கும் சாட்சிகள், குலதெய்வம் ஆகியவை அவ்வளவு சுலபமாக மாறாது. பெயரை விட்டு இவற்றைப் பிடித்துப் போவதுதான் வழி.

ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன தாள், தேதி, எழுதியவர், பெயர் உள்ளது உள்ளபடி, தகப்பன் பெயர், ஊர், கூடவே வரும் மற்றப் பெயர்கள். "உள்ளது உள்ளபடி" என்பது முக்கியம். கருப்பணன் என்று இருப்பதை உங்கள் இஷ்டத்துக்குக் கருப்பண்ணன் என்று திருத்தி எழுதிவிட்டால், பின்னால் எது ஆவணத்துப் பிழை, எது உங்கள் பிழை என்று தெரியாமல் போகும்.

இனி, உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்குப் போகலாம்.

பத்திரத்தில் இருக்கும் பெயர் பட்டாவில் இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை யுடிஆர் என்று எல்லோரும் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பட்டாக் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு நடுவிலேதான், 1980 நவம்பரில், பழைய கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளும் ஒழிக்கப்பட்டன. யார் எவர் மகன் என்று தலைமுறையாகத் தெரிந்த ஆள் பல ஊர்களில் அந்த நேரத்தில் கணக்கோடு இல்லை. பட்டாவில் பெயர் சுருங்கியதற்கும், தகப்பன் பெயர் மாறி விழுந்ததற்கும் இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பிறகு கணினியில் ஏற்றும்போது ன, ண, ந, ர, ற, ல, ள, ழ எல்லாம் இன்னொரு முறை கலந்தன.

இங்கே பெயரை வைத்துத் தேடாதீர்கள். சர்வே எண்ணை வைத்துத் தேடுங்கள். இணையத்திலேயே பட்டா, சிட்டா, அ-பதிவேடு பார்க்கலாம். அதில் கிடைக்கும் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் எடுத்துக்கொண்டு, அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டால், 1975-லிருந்து நடந்த பதிவுகள் இணையத்தில் வரும். அதற்கு முந்தியது இணையத்தில் இல்லை என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். மறு அளவையில் எண் மாறியிருந்தால், பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று வருவாய்த் துறையில் இருக்கும். அதைக் கேட்டு வாங்காமல் மேலே போகாதீர்கள். பழைய 45 வேறு, புதிய 45 வேறு.

எண் பிடிபட்டதும் இரண்டு பத்திரங்களின் நான்கெல்லையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "வடக்கே ஊருணிக்கரை, தெற்கே வண்டிப்பாதை" மாதிரியான எல்லைகள் நூறு வருஷம் ஆனாலும் அப்படியே நிற்கும். "கிழக்கே இன்னார் நிலம்" என்பது மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதுவும் அப்பனிலிருந்து மகனுக்கு மாறியிருந்தால் உங்களுக்கு லாபமே. எல்லை பொருந்தி, இரண்டு பெயருக்கும் நடுவில் கைமாறிய பத்திரம் எதுவும் வில்லங்கத்தில் இல்லை என்றால், இரண்டில் ஒன்று: அதே ஆள், அல்லது அவர் வாரிசு. வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்ட குடும்பங்களில் பத்திரமே இருக்காது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தேதிகளின் இடைவெளி எது என்று சொல்லிவிடும். 1912-இல் கிரயம் வாங்கியவர் 1984-இல் பட்டா வாங்கியிருக்க மாட்டார்.

சிவகங்கை, ராமநாதபுரம் சமஸ்தானத்து ஊர்கள் என்றால் வேறு கதை. அங்கே 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி செட்டில்மெண்ட், அதாவது அரசு நேராக நிலக்காரரிடம் வரி வாங்கும்படி எழுதிய நிலக் கணக்கு. அதற்கு முந்திய பத்திரங்களில் சர்வே எண் இல்லாமல், பழைய அளவையின் பைமாஷ் எண் இருக்கலாம். வீட்டு மனை என்றால் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம். அதற்குப் பழைய பட்டாவைத் தேடிப் பயனில்லை. ஊராட்சியின் வீட்டு வரி ரசீதுகளையும் பின்னால் வந்த நத்தம் நிலவரிக் கணக்கையும் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும், கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு அதற்கு வழி விடுகிறது. உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு எவரும் நகல் கேட்கலாம். உயில் கிடைத்தால் விடாதீர்கள். மூத்த தாரம், இளைய தாரம், இறந்துபோன மகன், "என் பேச்சைக் கேட்காமல் போன" மகன் என்று கிரயப் பத்திரத்தில் வராத ஆட்களெல்லாம் அதில் வரிசையாக நிற்பார்கள்.

பெயரின் வால் மட்டும் மாறுகிறது

கருப்பன், கருப்பையா, கருப்பணன், கருப்பசாமி. முனியன், முனியாண்டி, முனியசாமி. இதற்குப் பயப்படவே வேண்டாம். முதலில் தேவர், சேர்வை, அம்பலம், பிள்ளை, கோனார், செட்டியார், நாயக்கர், மூப்பன் போன்ற பட்டங்களைத் தள்ளுங்கள். பிறகு சாமி, ஆண்டி, ஐயா, அப்பன் என்ற முடிவுகள். பிறகு முன்னால் ஒட்டியிருக்கும் பெரிய, சின்ன, முத்து, நல்ல. மிஞ்சுவது வேர். நம் பக்கத்தில் அந்த வேர் பெரும்பாலும் சாமி பெயர்தான்: கருப்பு, முனி, பாண்டி, சொக்கன், அழகர், வீரணன். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனைக் கும்பிடுகிற வீடுகளில் ஒச்சா என்று தொடங்கும் பெயர் தலைமுறை தவறாமல் வரும். வேர் உங்கள் குலதெய்வத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், அது தாய்வழிப் பாட்டன் பெயராக இருக்கலாம்.

பட்டத்தை அடியோடு தூக்கி எறியவும் வேண்டாம். மேலூர்ப் பக்கத்தில் அம்பலம் என்பது ஊர்ப் பொறுப்பும்கூட. ஒருவர் பெயரில் ஒரு வருஷத்துக்குப் பிறகு அம்பலம் சேர்கிறது என்றால், அவருடைய அப்பா அந்த வாக்கில் காலமாகியிருக்கலாம். அது ஒரு துப்பு, முடிவு இல்லை.

மரியாதை விகுதியும் பேசும். ஒரே பத்திரத்தில் பணம் கொடுத்தவருக்கு "அவர்கள்" வரும். வாங்கியவர் வெறும் "முனியன்". அதே முனியன் இருபது வருஷம் கழித்து நிலம் வாங்கும்போது முனியாண்டி ஆகிவிடுவார். பேனா பிடித்தவரின் கணக்கு அது. இதனால்தான், ஒடுக்கப்பட்ட வீடுகளின் முன்னோரைத் தேடுகிறவர்கள் மற்றவர்களைவிடக் குட்டையான பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. தகப்பன் பெயர்கூட எழுதாமல் விட்ட தாள்கள் உண்டு. அங்கே சாட்சிக் கையெழுத்துகளும் எல்லைக்காரர் பெயர்களும்தான் கை கொடுக்கும்.

வீட்டில் சொல்லும் பெயர் எந்தத் தாளிலும் இல்லை

இது சுவாரசியமான சிக்கல். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது நம் வழக்கம். ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். பெற்ற பிள்ளைக்கே அந்தப் பெயர் என்றால் அவள் எப்படிக் கூப்பிடுவாள்? ராசா, துரை, பெரியதம்பி, ஐயாக்குட்டி என்று இன்னொன்று பிறக்கும். ஊர் அதையே பிடித்துக்கொள்ளும். தாளில் பாட்டன் பெயர், தெருவில் ராசா. ஆகவே "ராசாத் தாத்தா"வைத் தேடுகிறவர்கள், அவருடைய தாத்தாவின் பெயரைத் தேட வேண்டும்.

இதோடு வட்டப் பெயர்கள். கட்டையன், ஊமையன், சிலோன்காரர், டீக்கடை, மிலிட்டரி. சில வட்டப் பெயர்கள் வீட்டுக்கே ஒட்டிக்கொண்டு நாலு தலைமுறை வரும். பத்திர எழுத்தர் கெட்டிக்காரராக இருந்தால் "இன்னான் என்கிற இன்னான்" என்று எழுதியிருப்பார். பிற்காலத் தாள்களில் அதுவே அடைப்புக்குள் ஒரு (எ) ஆகிவிட்டது. அந்த (எ) கண்ணில் பட்டால் சிவப்பு மையால் சுழித்து வையுங்கள். இரண்டு பெயருக்கும் பத்திரத்திலேயே பாலம் போடும் நேரடிச் சாட்சி அது.

பாலம் கிடைக்கும் இன்னொரு இடம் மொய் நோட்டு. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கம் காதுகுத்தோ கல்யாணமோ முடிந்தால், நோட்டுப் பத்திரமாக இரும்புப் பெட்டிக்குள் போகும்; திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு அல்லவா. அதில் பெயரை ஆவணத்துக்காக எழுதுவதில்லை, ஆளை அடையாளம் தெரிவதற்காக எழுதுகிறார்கள். ஊர், தெரு, வட்டப் பெயர், யார் மகன், யார் மருமகன், எல்லாம் ஒரே வரியில். தாய்மாமன் முறை யாருக்குப் போனது என்பதைப் பார்த்தால் பாட்டியின் பிறந்த வீடு தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், அம்பது வருஷத்துப் பழைய மொய் நோட்டு ஒன்று நாலு பட்டாவுக்குச் சமம். கொடுப்பவர்கள் யோசிப்பார்கள், தொகை தெரிய வேண்டாம், அதை மறைத்துப் பெயர்ப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள்.

வயதான பெண்களிடம் கேட்பதற்கும் முறை இருக்கிறது. "அப்பத்தா, உங்க மாமனார் பேரு என்ன?" என்று கேட்டால் சிரிப்பார்கள், சொல்லமாட்டார்கள். "அப்பத்தா, உங்க பெரிய கொழுந்தனார் மகனுக்கு யாரு பேரை வச்சாங்க?" என்று கேளுங்கள். அல்லது நீங்களே நாலு பெயரைச் சொல்லிக்கொண்டு வாருங்கள். சரியான பெயர் வந்ததும் "ம், அதுதான்" என்பார்கள். ஆனால் நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்களும் உண்டு. நடுவில் ஒரு பொய்ப் பெயரைப் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

ஒரே ஊரில், ஒரே பெயரில் மூன்று பேர்

இதுதான் ஆபத்தானது. முந்தையதில் ஒரு ஆளுக்கு நாலு பெயர்; இங்கே ஒரு பெயருக்கு நாலு ஆள். அண்ணன் தம்பி மூவரும் தங்கள் மூத்த மகனுக்கு ஒரே பாட்டன் பெயரைத்தான் வைப்பார்கள். ஆக, பாட்டன் ஒன்று, ஊர் ஒன்று, குலதெய்வம் ஒன்று, பெயரும் ஒன்று. வயதும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் தகப்பன் பெயரில் மட்டும்தான்.

எனவே தகப்பன் பெயர் இல்லாத தாளை இந்த இடத்தில் ஆதாரமாக எடுக்காதீர்கள். பெரிய, சின்ன, நடு என்ற முன்னொட்டைக் கவனியுங்கள். மூத்தவர் இறந்த பிறகு "சின்ன" உதிர்ந்துபோவதும் உண்டு. மறுபடியும் நான்கெல்லைதான் உதவும். பாட்டன் சொத்தைப் பாகம் பிரித்திருந்தால், ஒரு பங்காளியின் நிலத்துக்கு எல்லையாக அதே பெயருள்ள இன்னொரு பங்காளி வருவார். "மேற்கே மேற்படி பெயருள்ள என் சித்தப்பா மகன் பங்கு" என்கிற மாதிரி ஒரு வரி கிடைத்தால், இரண்டு பேர் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. வாக்காளர் பட்டியலும் நல்லது. கதவு எண் வரிசையில் இருப்பதால் ஒரு வீட்டில் யார் யார் சேர்ந்திருந்தார்கள் என்று தெரியும்.

பாட்டன் பெயர் பேரனுக்கு வருவதால் சங்கிலி இப்படி ஓடும்: காத்தான் மகன் வீரணன், வீரணன் மகன் காத்தான், காத்தான் மகன் வீரணன். 1890-இல் வரும் "காத்தான் மகன் வீரணன்" வேறு, 1950-இல் வரும் "காத்தான் மகன் வீரணன்" வேறு. தகப்பன் பெயர்வரை அச்சாகப் பொருந்தும். தேதி இல்லாத தாளை இந்தச் சங்கிலியில் மாட்டவே கூடாது.

எழுத்தே பிடிபடவில்லை

பழைய கையெழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் என்ற வேறுபாடும் இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே "கரததன" என்று படித்தீர்கள் என்றால் அது காத்தன். "செவகன" என்பது சேவகன். "கொனான" என்பது கோனான். விசித்திரமான ஒரு பெயர் வந்தால், புது முன்னோர் கிடைத்துவிட்டார் என்று துள்ளுவதற்கு முன் புள்ளி வைத்துப் பாருங்கள், ரகரத்தைக் காலாக்கிப் பாருங்கள், குறிலை நெடிலாக்கிப் பாருங்கள். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் றா, னா, ணா, லை, னை எல்லாம் வேறு வடிவம் என்பது அந்த அச்சில் படித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் தட்டச்சுச் செய்யக் கொடுத்தால் சொல்லிக்கொடுங்கள்.

குறியீடுகளையும் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௹ ரூபாய், ௸ மேற்படி. இந்தக் கடைசிக் குறியைப் பெயரின் முதல் எழுத்தாகப் படித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். "௸ ஊர் ௸ மகன்" என்று வந்தால் மேலே போய் யாரைச் சொல்கிறது என்று பிடிக்க வேண்டும். ஒரு பத்தியில் இரண்டு ஆட்கள் வந்திருந்தால் எந்த மேற்படி என்ற சண்டை எனக்கும் முடிவதில்லை. அப்போது அந்த வரியை ஆதாரமாக எடுக்காமல் விடுகிறேன்.

வயதும் வருஷமும் ஒட்டவில்லை

தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும். துன்மதி என்றால் 1861, 1921, 1981 மூன்றும்தான். எது என்பதை முத்திரைத்தாளோ, சாட்சிகளின் வயதோ சொல்லும். பிரபவ 1867, 1927, 1987 என்று நினைவில் வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணலாம். சித்திரையில் வருஷம் மாறுவதால் தை, மாசி, பங்குனிக்கு அடுத்த ஆங்கில ஆண்டு. "தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர்" என்று வீட்டில் சொன்னால் அது 1876-77. நல்ல ஆணி அது. வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டுக்கு 590 கூட்டினால் அந்த வருஷத்து ஜூலை கிடைக்கும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை.

வயதை நம்பாதீர்கள். "சுமார் 45" என்பது ஐம்பதாகவும் இருக்கும், நாற்பதாகவும் இருக்கும். பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதி அதைவிட மோசம். தலையைச் சுற்றிக் கை காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்த காலம். மே, ஜூன் மாதத்தில் அத்தனை பேர் பிறந்திருப்பது அதனால்தான். ஜாதகம் இருந்தால் அதை எடுங்கள். அதில் நட்சத்திரம், கிழமை, தேதி மூன்றும் இருப்பதால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

பிறப்புப் பதிவேட்டில் பெயரே இல்லையா? அது சாதாரணம். பிறந்த சில நாளில் பதிவு, பெயர் வைத்தது பிறகு. தகப்பன் பெயர், தெரு, ஆண் பெண், தேதி ஆகியவற்றை வைத்துத்தான் தேட வேண்டும்.

பாட்டிக்குப் பெயரே இல்லை

"இன்னார் பெண்சாதி", "இன்னார் தாயார்" என்றே நாலு தாள் ஓடும். இல்லாவிட்டால் ஆத்தாள், பேச்சி, பொண்ணு என்று ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற பெயர். பட்டாவில் த/பெ என்றும் க/பெ என்றும் வருவது இடம் மாறிவிட்டால் கணவர் தகப்பன் ஆகிவிடுவார், அதையும் சந்தேகப்படுங்கள்.

பெண்கள் பெயர் முழுதாகக் கிடைப்பது, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரங்களில். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, மகள்களின் கையெழுத்து இல்லாமல் விற்றால் வாங்குகிறவர் தயங்க ஆரம்பித்தார். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு இன்னும் கவனம் கூடியது. அதனால் அத்தைகள், அவர்கள் கணவர்கள், கட்டிக்கொடுத்த ஊர்கள் எல்லாம் ஒரே பத்திரத்தில் வந்துவிடும். தாத்தா சொத்தை யார் எப்போது விற்றாலும் அந்தப் பத்திரத்தின் நகலை வாங்குங்கள், உங்கள் கிளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றாலும். வாரிசுச் சான்றும் அப்படித்தான். இறந்துபோன மகள்களை அது விட்டுவிடுவதும் உண்டு.

கோயில் பதிவேட்டில் வேறு ஆள் நிற்கிறார்

கத்தோலிக்கக் குடும்பங்களில் இது அன்றாடச் சிக்கல். ஞானஸ்நானப் பதிவேட்டை இலத்தீனில் எழுதியிருந்தால் ராயப்பன் பேதுருவாக இருப்பார், சின்னப்பன் பவுலாக, சூசை யோசேப்பாக, அருளப்பன் யோவானாக. சந்தியாகுவும் யாகப்பனும் ஒரே புனிதர்தான். பத்திரத்தில் இன்னும் சாதாரணமாகச் "சின்னான்" என்று இருக்கும். ஞானத் தகப்பன், ஞானத் தாய் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தம். மதம் மாறிய தலைமுறையில் இரண்டு பெயரும் இணையாக ஓடும், கோயிலில் ஒன்று, அரசுக் கச்சேரியில் ஒன்று.

முஸ்லிம் வீடுகளில் முகைதீன், மொகைதீன், மைதீன் எல்லாம் ஒன்றே. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் இரு வீட்டுத் தகப்பன் பெயர்களும் இருக்கும்.

இனிஷியல் இடிக்கிறது

இனிஷியல் தகப்பன் பெயர்தான் என்று எடுத்துக்கொண்டால் சில வீடுகளில் வழி தவறும். மதுரைச் சௌராஷ்டிரர் வீடுகளில் முதல் எழுத்து வீட்டுப் பெயரைக் குறிக்கும். தெலுங்கு பேசும் குடும்பங்களிலும் இன்டிபேர் அப்படி வரும். அது கிடைத்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் தலைமுறை மாறினாலும் அது மாறாது. நகரத்தார் விலாசம் பல தலைமுறைப் பெயர்களின் முதல் எழுத்துகளை அடுக்கிக்கொண்டு வரும். கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்குப் போன ஊர்வரை அதே எழுத்துகள்தான். ஆனால் பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்து எடுத்த வீடு என்றால் பெற்றவர் பெயரும் விலாசமும் இடிக்கும். அங்கே ஒன்பது கோயிலில் எந்தக் கோயில் புள்ளி, அதாவது எந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பம் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

கடல் கடந்த தாத்தா திரும்பி வந்ததும் பெயர் மாறியிருக்கிறது

இலங்கைத் தோட்டத்துக்கு மண்டபம் முகாம் வழியாகப் போனவர்கள் கங்காணியின் பேரேட்டில் ஒரு பெயர், தோட்டத் துரையின் ஆங்கிலக் கணக்கில் இன்னொரு பெயர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பியவர்களுக்குக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். அதில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டையில் பெரிய லாபம், குடும்பம் மொத்தமும் ஒரே தாளில் இருப்பது. மலேசியா என்றால் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே "இன்னார் மகன்" என்பதன் மலாய்ச் சுருக்கம் நிற்கும். அது பெயரின் பகுதி இல்லை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா எல்லாம் இருக்கும், அத்தனையும் ஆங்கிலக்காரர் காதில் விழுந்தபடி. ஜில்லாவை "மதுரா" என்று தேடுங்கள். முத்து என்பதில் உகரத்துக்கு இரட்டை ஓ போட்டிருப்பார்கள். ழகரத்துக்கு எல், ஆர், இசட் மூன்றையும் முயலுங்கள். சகரத்துக்கு எஸ், சிஎச். தகரத்துக்கு டி, டிஎச். பெயரை வாய்விட்டுச் சொல்லி, தமிழ் தெரியாத ஒருவர் அதை எப்படி எழுதுவார் என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

ஊரே கிடைக்கவில்லை

மாவட்ட எல்லை மாறியிருக்கும். ராமநாதபுரம் ஜில்லா 1910-இல் உருவானது; 1985-இல் சிவகங்கை, விருதுநகர், அதே ஆண்டு திண்டுக்கல், 1996-இல் தேனி. "மதுரை ஜில்லா" என்று 1905-இல் எழுதிய தாளின் ஊர் இன்று சிவகங்கையில் இருக்கலாம். பதிவு எந்தச் சார்பதிவகத்தில் நடந்தது என்ற முத்திரையைப் பாருங்கள். சின்னப்பட்டி, புதுப்பட்டி மாதிரி பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்று சொல்லவே வேண்டாம்; பக்கத்து ஊரின் பெயர் எல்லைக் குறிப்பில் இருந்தால் அதை வைத்துப் பிரியுங்கள்.

எல்லாம் பார்த்தும் இழுபறி

ஒரே ஆள் என்று முடிவு கட்ட, வேறு வேறு கைகள் எழுதிய இரண்டு தாள்களாவது வேண்டும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். 1960 பத்திரம் "1931-ஆம் வருஷத்துக் கிரயத்தின்படி" என்று பழையதைப் பார்த்து எழுதியிருந்தால் இரண்டும் ஒரே சாட்சிதான். பட்டாவைப் பார்த்து எழுதிய வங்கிக் கடன் தாளும் அப்படியே. மொய் நோட்டும் பத்திரமும் ஒத்துப்போனால் அது கனமான சாட்சி, ஏனென்றால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எவரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

அப்படிக் கிடைக்காதவரை இரண்டு பெயர்களையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்து நடுவில் புள்ளிக்கோடு போடுங்கள். பக்கத்தில் எந்தத் தாள் வந்தால் இது தீரும் என்றும் எழுதிவையுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு யாராவது அதைக் கொண்டுவருவார்கள். அப்புறம், வரைபடத்தைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடும்போது சர்வே எண்களையும் உயிலைப் பற்றிய குறிப்புகளையும் எடுத்துவிட்டுப் போடுங்கள். பெயர் சரிபார்க்க அனுப்பியது பாக வழக்காகத் திரும்பி வந்தால், அடுத்த முறை மொய் நோட்டைக் கேட்டு எந்த வீட்டுக்கும் போக முடியாது.